நான்காவது கட்டத்தில் என் பெயர்

"நேரா இருக்கறதைத் தப்புங்கறீங்க. நீங்களா டீச்சர் பிள்ளைங்களுக்குப் பாடத்திட்டம் எழுதப் போறீங்க?"

இப்படிக் கேட்டவர் ஆரோக்கியம். தேங்காய்த்திட்டுக்குப் போகும் வழியில் உள்ள ஓர் ஆஃப்செட் அச்சகத்தின் ஃபோர்மன். கேட்டபோது அவருக்குப் பின்னால் ஆறு பேர் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். நியாயமான கேள்வி என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு, ஊரில் என்னைப் போல் ஒருத்தியை இப்படிக் கேட்கலாமா என்றுதான் தோன்றியது.

இதை எழுதச் சொன்னவர்கள் எங்கள் தொழிற்பயிற்சிப் பள்ளியின் அச்சுப் பிரிவு மாணவர்கள். அவர்களுடைய ஆண்டு மலரில் 'ஓய்வு பெற்றோர் நினைவுகள்' என்று ஒரு பகுதி எப்போதும் உண்டு. இந்த ஆண்டு யாரும் ஓய்வு பெறவில்லை. பகுதியை எடுத்துவிட மனமில்லாமல், வேலையை விட்டுப் போன ஒருத்தி இருக்கிறாளே என்று என்னைத் தேடி வந்தார்கள். ஆக, முப்பத்தொரு வயதில் நான் ஓய்வு பெற்ற மூதாட்டி. இந்தப் பகுதியில் எழுதுகிறவர்கள் வழக்கமாக மூட்டுவலியைப் பற்றி ஒரு வரி சேர்ப்பார்கள். எனக்கு இன்னும் வரவில்லை. வந்ததும் சேர்த்துக்கொள்ளலாம்.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆள் நான். அப்பா பஞ்சாலையில் வேலை செய்தார். ஆலைப் பதிவேட்டில் கட்டைவிரலை மையில் தொட்டு வைத்துவிட்டு வருவார். அம்மாவுக்கு அந்தத் தொல்லையும் இல்லை, யாரும் அவளிடம் கையெழுத்துக் கேட்டதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் எட்டாம் வகுப்பு தாண்டிய பெண் எப்படி நடந்துகொள்வாள் என்று நீங்களே ஊகிக்கலாம். தெருவில் யாருக்குக் கடிதம் வந்தாலும் நான்தான் படித்துச் சொல்வேன். சும்மா படிக்கமாட்டேன். எழுதியவரின் பிழைகளைத் திருத்தித் திருத்திப் படிப்பேன். "கடுதாசியில என்னா இருக்குதுன்னு கேட்டா, என்னா இருந்திருக்கணும்னு சொல்றா" என்பாள் அம்மா.

பள்ளி இறுதி வகுப்பு, இரண்டு ஆண்டு அச்சுக்கலைப் பயிற்சி, ஓர் அச்சகத்தில் கொஞ்ச காலம் வேலை, பிறகு நான் படித்த பள்ளியிலேயே அச்சுக்கோப்புப் பயிற்றுநர். இந்த ஒரு வாக்கியத்தை அப்பா தெருவில் நடந்துபோகிற யாரிடமும் நிறுத்தி நிதானமாகச் சொல்வார். அதிலும் 'கவர்மெண்டு' என்ற சொல்லைக் கொஞ்சம் உரக்கச் சொல்வார்.

அச்சுக் கோப்பது என்றால், ஈய எழுத்துகளை மரத்தட்டின் அறைகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரிசையாக அடுக்குவது. தாளில் எழுத்து நேராக விழ வேண்டுமானால் ஈயத்தில் அது மாறி இருக்க வேண்டும், கண்ணாடியில் தெரிவதைப் போல. அடுக்கிய வரியைத் தலைகீழாக வைத்துத்தான் படிப்போம். ஓர் ஆண்டு பழகினால் நேர் எழுத்தைவிடத் தலைகீழ் எழுத்து வேகமாக ஓடும். எனக்கு ஓடியது. எதிரே உட்கார்ந்திருப்பவர் மேசையில் வைத்திருக்கும் காகிதத்தை அவருக்கு முன்பே படித்துவிடுவேன். இந்தத் திறமையால் எனக்கு நண்பர்கள் அதிகம் கிடைக்கவில்லை.

ஆனால் என் உண்மையான புகழ் என் கட்டைவிரலால் வந்தது. அதற்குக் காரணம் நம் ஊருக்கே உரிய ஒரு வில்லங்கம்.

எங்கள் பள்ளியில் இரண்டு வகை ஈய எழுத்துகள் இருந்தன. ஒன்று மெட்ராஸ் எழுத்து வார்ப்பகத்திலிருந்து வாங்கியது. மற்றொன்று பிரெஞ்சுக்காரர் காலத்து அச்சகம் ஒன்று மூடியபோது பள்ளிக்குக் கொடுத்தது. பிரெஞ்சு எழுத்து, மெட்ராஸ் எழுத்தைவிட ஒரு முடி உயரம். ஒரு முடி என்றால் உண்மையிலேயே கண்ணுக்குத் தெரியாது. ஆனால் இரண்டையும் சேர்த்து அடுக்கி அச்சடித்தால் பிரெஞ்சு எழுத்து தாளைக் குத்திப் பின்பக்கம் எட்டிப் பார்க்கும். மெட்ராஸ் எழுத்து காய்ச்சலில் படுத்தவன் குரல் போல மங்கிப் போகும். தமிழும் பிரெஞ்சுமாகக் கல்யாணப் பத்திரிகையும் துக்க அறிவிப்பும் அடித்த ஊரில் இந்தத் தகராறு நாளும் நடந்திருக்கிறது. மெட்ராஸ் வரிகளின் காலுக்கடியில் காகிதக் கீற்று ஒட்டி உயரத்தைச் சரிக்கட்ட வேண்டும். எத்தனை கீற்று என்பதுதான் வித்தை. எனக்குக் கட்டைவிரலால் ஒரு முறை தடவினால் போதும், "ரெண்டு கீற்று, இந்த ஓரத்துல மட்டும் மூணு" என்று சொல்லிவிடுவேன்.

பாடத்திட்டத்தில் இதற்குப் பெயர் 'உயர வேறுபாடு நீக்கல்'. செய்முறைத் தேர்வில் அதிக மதிப்பெண் இதற்குத்தான். யாராவது மேலதிகாரி பார்வையிட வந்தால் முதல்வர் என்னை அழைத்துத் தடவிக் காட்டச் சொல்வார். எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறைக் கட்டைவிரல்கள் அரசாங்கத்துக்குப் பயன்பட்டிருக்கின்றன. அப்பாவுடையது பதிவேட்டில், என்னுடையது ஈயத்தில்.

முதல்வர் லூர்துநாதன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். சட்டைக் காலர் எப்போதும் மொடமொடவென்று நிற்கும். நாம் நீட்டும் காகிதத்தை உடனே வாங்கமாட்டார். முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், மேசையில் உள்ளதையெல்லாம் ஓரமாக நகர்த்துவார், பிறகு இரண்டு கையாலும் வாங்கி நடுவில் வைப்பார். ஒவ்வொரு வரியின் அடியிலும் அடிக்கோலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படிப்பார். நாம் நின்றுகொண்டே இருக்க வேண்டும். முடிவில் அடிக்கோலை எடுத்துவிட்டு ஒரே ஒரு சொல் சொல்வார்.

"பொன்."

நான் முதன்முதலாக எழுதிக் கொடுத்த பாடக்குறிப்பைப் படித்துவிட்டு அவர் "பொன்" என்றபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். "சார் என் எழுத்தைப் பாத்துட்டுப் பொன்னுன்னு சொன்னாருப்பா." அப்பா அதைத் தெருவில் எத்தனை பேரிடம் சொன்னாரோ தெரியாது. இரண்டு ஆண்டு இப்படியே போயிற்று. பொன், பொன் என்று அவர் சொல்லச் சொல்ல நான் வளர்ந்துகொண்டே போனேன். ஒரு நாள் நான் அவர் அறையில் நின்றபோது அலுவலக உதவியாளர் ஓடி வந்து, கழிவறைக் குழாய் உடைந்து தாழ்வாரமெல்லாம் தண்ணீர் ஓடுகிறது என்றார். முதல்வர் எழுந்துகொண்டே "பொன்" என்றார்.

அது பிரெஞ்சு. சரி, ஆகட்டும், அடுத்தது என்ன என்பதுதான் அதற்குப் பொருள். நான் இந்தச் செய்தியை வீட்டில் சொல்லவில்லை.

மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது நான் வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு ஆண்டு ஆனபின். அச்சுத் தொழில் மாறிவிட்டது, அச்சகங்களின் தேவைக்கேற்பப் பாடத்திட்டத்தைப் புதுப்பித்து மூன்று மாதத்தில் அனுப்ப வேண்டும். யார் எழுதுவது என்று ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர் கேட்டபோது மற்றவர்கள் எல்லாரும் கூரையில் பல்லியைத் தேடினார்கள். நான் எழுந்து நின்றேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி எதுவும் இல்லை. ஆஃப்செட் இயந்திரத்தை நான் அதுவரை புகைப்படத்தில்தான் பார்த்திருந்தேன்.

ஒரே வாரத்தில் எழுதிவிட்டேன். எப்படியென்றால், பழைய பாடத்திட்டத்தில் ஒவ்வொரு தலைப்புக்கு முன்னாலும் 'நவீன' என்று சேர்த்தேன். நவீன அச்சுக்கோப்பு. நவீன முறையில் எழுத்தைப் பிரித்து அறைகளில் போடுதல். நவீன உயர வேறுபாடு நீக்கல். கடைசியில் ஆஃப்செட்டுக்கு இரண்டு பக்கம். அதற்கு நான் கேட்டு விசாரித்தது யாரையும் இல்லை, என் சொந்த அறிவைத்தான். அதில் ஒரு வரி: 'ஆஃப்செட் முறையில் ஈயத்துக்குப் பதிலாக அலுமினியப் பிளேட் பயன்படுகிறது. அச்சுத் தொழிலின் அடிப்படை விதிப்படி, பிளேட்டிலும் எழுத்துகள் இடம் வலம் மாறியே இருக்கும்.' அடிப்படை விதி என்ற சொல் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அடிக்கோடு இட்டேன்.

முதல்வர் கண்ணாடி துடைத்து, மேசையை ஒதுக்கி, அடிக்கோல் வைத்துப் படித்தார். பொன் சொல்லவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நான்கு கட்டம் போட்டார். முதல் கட்டத்தில் 'பாடம்', இரண்டாவதில் 'மணி', மூன்றாவதில் 'கருவி' என்று எழுதினார். நான்காவதில் எழுதினார், 'யார் கேட்டது?'

"ஒவ்வொரு பாடத்துக்கும் இந்த நாலாவது கட்டத்தை நிரப்பிக் கொண்டாங்க."

மறுநாளே நிரப்பிக்கொண்டு போனேன். நாற்பது பாடத்துக்கும் நான்காவது கட்டத்தில் 'தொழில்துறை' என்று எழுதியிருந்தேன்.

"தொழில்துறை எந்தத் தெருவுல இருக்கு?" என்றார்.

"சார்?"

"கதவைத் தட்டினா யாரு வந்து திறப்பாங்க? அவங்க பேரை எழுதுங்க."

அப்படித்தான் நான் தெருவில் இறங்கினேன். எங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே காலால் மிதிக்கும் டிரெடில் இயந்திரம் ஒன்றை வைத்து நோட்டீஸ் அடித்துக்கொண்டிருந்த அச்சகத்தில் தொடங்கினேன். முதலாளி அம்மா இயந்திரத்தை நிறுத்தாமலே பேசினார்.

"எங்களுக்கு இன்னா வேணும்னு கேக்கறியா? இதுவரைக்கும் யாரும் கேக்கலையே. எழுதிக்கோ. மொதல்ல, வேலைக்கு வர்ற பிள்ள, எனக்கு எல்லாம் தெரியும்னு சொல்லக் கூடாது."

"அதைப் பாடத்திட்டத்துல எப்படிங்க சேர்க்கறது?"

"நீதான டீச்சரு. நீ யோசி."

அங்கே மூலையில் உட்கார்ந்து அச்சான நோட்டீஸ்களை மடித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். தமிழரசி. என் மாணவி. முந்தைய ஆண்டு முதல் வகுப்பில் தேறியவள். செய்முறைத் தேர்வில், இரண்டு வகை எழுத்தும் கலந்த பக்கத்தை ஒரே தடவையில் சரிக்கட்டியவள். அவளை மேடைக்கு அழைத்து, "என் கட்டைவிரலுக்கு வாரிசு கிடைத்துவிட்டது" என்று நான் பேசியதும், எல்லோரும் கைதட்டியதும் நினைவுக்கு வந்தது.

வெளியே என்னோடு நடந்து வந்தாள். தேங்காய்த்திட்டு வழியில் உள்ள ஆஃப்செட் அச்சகத்தில் சேர்ந்ததாகவும், ஒரே வாரத்தில் அனுப்பிவிட்டதாகவும் சொன்னாள். அங்கே ஈய எழுத்தே இல்லையாம். மூன்றாம் நாள் அவளை ஒரு பிளேட்டைக் கழுவச் சொன்னார்களாம். அவள் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். பிளேட்டில் இருந்த எழுத்தெல்லாம் போய்விட்டது.

"திட்டலை டீச்சர். சிரிச்சாங்க, அவ்ளோதான்." தெருமுனை வரை வந்தாள். பிறகு, "டீச்சர், அந்த சர்டிபிகேட்டை நான் எங்க கொண்டுபோய்க் காட்டணும்?" என்று கேட்டாள்.

குத்திக் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நம்பித்தான் கேட்டாள். கடிதம் படித்துச் சொல்லும் காலத்திலிருந்து எதற்கும் என்னிடம் ஒரு பதில் இருக்கும். அன்று, "நான் அங்க போய்ப் பேசறேன்" என்று மட்டும் சொன்னேன். பாடத்திட்டத்துக்காக இல்லை, அந்த அச்சகத்தை ஒரு வழி பண்ணிவிட வேண்டும் என்றுதான் போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மதுப் புட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகம் அது. கூடத்துக்குள் நுழைந்ததும் மண்ணெண்ணெய் வாசனையும் இயந்திரத்தின் சத்தமும். ஃபோர்மன் ஆரோக்கியம் கடலோரக் குருசுக்குப்பத்துக்காரர், நாற்பது வயது இருக்கும். படகு இழுக்கும் தோள். நான் என் வரைவின் ஒரு படியை முதலிலேயே அவர் கையில் கொடுத்தேன். நான் யார் என்று தெரிய வேண்டும் அல்லவா. அவர் அதைப் பணிவாக வாங்கி, படித்துவிட்டுத் தருகிறேன் என்று சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

இயந்திரத்தின் பக்கத்துப் பலகையில் ஒரு பிளேட் சாய்த்து வைத்திருந்தது. அடுத்து ஏற்ற வேண்டியது. என் கண் பழக்கத்தில் அதன் மேல் போனது. படித்தேன். தடங்கலில்லாமல் படிக்க முடிந்தது. ஒரு செய்தித்தாளைப் படிப்பதைப் போல. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நிறுத்துங்க! இதை மெஷின்ல ஏத்திடாதீங்க!"

"என்னா டீச்சர்?"

"எழுத்து நேரா இருக்கு! அச்சுல கண்ணாடியில பாத்த மாதிரி விழும். அத்தனை லேபிளும் வீணாப் போயிடும்!"

ஆரோக்கியம் பிளேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு முகத்தை ரொம்பக் கவலையாக வைத்துக்கொண்டு, "அடடா. நல்லவேளை வந்தீங்க. டேய், எல்லாரும் வாங்கடா, மெஷினை நிறுத்து. டீச்சர் நம்மளைக் காப்பாத்திட்டாங்க" என்று கூவினார். ஆறு பேர் வந்து நின்றார்கள். நான் அவர்களுக்கு அச்சுத் தொழிலின் அடிப்படை விதியை விளக்கினேன். நான்கைந்து நிமிடம் விளக்கியிருப்பேன். நடுவில் ஒருவர் எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

நான் முடித்ததும் ஆரோக்கியம் அந்தப் பிளேட்டைத் தூக்கி உருளையில் மாட்டி, இயந்திரத்தை ஓடவிட்டு, ஒரு தாளை உருவி என் கையில் கொடுத்தார். எழுத்து நேராக இருந்தது.

"பிளேட்டு தாளைத் தொடாது டீச்சர். இதோ பாருங்க, நடுவுல ரப்பர். பிளேட்டு ரப்பர்ல அடிக்கும். அங்க மாறும். ரப்பர் தாள்ல அடிக்கும். இங்க திரும்ப நேராவும். ரெண்டு தடவை திரும்புது." கையைப் புரட்டிப் புரட்டிக் காட்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து என் வரைவை எடுத்துப் பிரித்து, "பிளேட்டிலும் எழுத்துகள் இடம் வலம் மாறியே இருக்கும். அடிக்கோடு வேற போட்டுக்கிது" என்று உரக்கப் படித்தார்.

இந்தக் கட்டுரையின் முதல் வரி அதற்கு அடுத்து வந்ததுதான்.

நான் ஓடிவிடவில்லை. தைரியத்தால் அல்ல, செருப்பை வாசலில் விட்டிருந்தேன், அந்த ஆறு பேரைத் தாண்டிப் போக வேண்டும். அதனால் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, கைப்பையிலிருந்து நான்கு கட்டம் போட்ட தாளை எடுத்து, "சரிங்க. உங்களுக்கு என்ன தெரிஞ்ச ஆள் வேணும்? ஒவ்வொண்ணா சொல்லுங்க" என்றேன். சிரிப்பு நின்றது. ஆரோக்கியம் ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"பிளேட்டைக் கழுவத் தெரியணும். உங்க பொண்ணு ஒண்ணு வந்துச்சே. நல்ல பொண்ணு, கை சுத்தம். எழுத்துல எங்க தப்பு இருந்தாலும் கண்டுபிடிச்சிடும். ஆனா ஒரு பிளேட்டு போயிட்டா எனக்கு அரை நாள் போச்சு. யாராவது சொல்லிக் குடுத்திருந்தா அது எதுக்குச் சோப்புப் போட்டுத் தேய்க்கப் போவுது? கோந்துத் தண்ணி தடவி மூடி வைக்கத் தெரியணும்னு எழுதுங்க. மையும் தண்ணியும் எவ்ளோன்னு தெரியணும். தண்ணி ஏறிச்சுன்னா எழுத்து வெளுத்துடும், மை ஏறிச்சுன்னா தாளே அழுக்காயிடும்."

"அச்சுக் கோக்கறது?" என்று கேட்டேன்.

"அது கொஞ்சம் வேணும். சுத்தமாக் கோத்து, வழவழத் தாள்ல ஒரே ஒரு படி எடுத்துக் குடுத்தா அதை நாங்க போட்டோ எடுத்துப் பிலிம் பண்ணிக்குவோம். மூணு மாசம் படிச்சா போதும்."

"உயர வேறுபாடு நீக்கல்?"

"அது இன்னாது?"

விளக்கினேன். கட்டைவிரலைக்கூடக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படி ஒரு கஷ்டம் இருந்துச்சா!" என்றார்.

அடுத்த இரண்டு மாதம் ஊரில் இருந்த அச்சகங்களுக்கெல்லாம் நடந்தேன். ஆரோக்கியத்திடம் மட்டும் ஐந்து முறை போனேன். நான்காவது கட்டம் மெல்ல நிரம்பியது. தெருப் பெயர், ஆள் பெயர், அவர் சொன்ன சொல். 'உயர வேறுபாடு நீக்கல்' என்ற வரிக்கு நேரே மட்டும் எதுவும் எழுத முடியவில்லை. அதைக் கேட்க ஊரில் ஓர் ஆளும் இல்லை. முதல்வர் பெயரை எழுதலாமா என்றுகூட யோசித்தேன். கடைசியில் அந்த வரியை அடித்தேன். அடித்த கோடு கொஞ்சம் வளைந்துதான் போயிருந்தது.

அப்படியே ஒவ்வொன்றாகப் போக, இரண்டு ஆண்டு அச்சுக்கோப்பு மூன்று மாதமாயிற்று. பிளேட் தயாரிப்பு, ஆஃப்செட் இயக்கம், பிலிம் வேலை ஆகியவை மிச்சத்தை எடுத்துக்கொண்டன. கடைசிப் பக்கம் பயிற்றுநர் தகுதி. அதற்கு ஆரோக்கியம் முன்பே சொல்லியிருந்தார்: "சொல்லிக் குடுக்கறவங்க ரெண்டு வருசமாவது மெஷின் பக்கத்துல நின்னிருக்கணும் டீச்சர். உங்களைச் சொல்லலை." என்னைத்தான் சொன்னார். எழுதிக்கொண்டேன்: 'பயிற்றுநருக்கு ஆஃப்செட் அச்சகத்தில் குறைந்தது இரண்டு ஆண்டு வேலை அனுபவம்.' நான்காவது கட்டத்தில், ஆரோக்கியம்.

முதல்வர் அந்தப் பக்கத்துக்கு வந்ததும் அடிக்கோலை நகர்த்தாமல் நிறுத்தினார்.

"இது வந்துட்டா நீங்க வகுப்புக்குள்ள போக முடியாதே அஞ்சலாட்சி."

"தெரியும் சார்."

"பண்டகசாலையில ஒரு மேசை போட்டு உக்கார வைப்பாங்க. சாமான் எண்ணிக்கிட்டு இருக்கணும்." கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு வரி சேர்த்துடுங்க. 'தற்போது பணியில் உள்ளோருக்கு இது பொருந்தாது.' எல்லாத் திட்டத்திலும் உள்ள வரிதான். யாரும் தப்பா நினைக்கமாட்டாங்க."

எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொல்லி முடியாது. அவர் பேனாவையே வாங்கி, அங்கேயே நின்றபடி என் அழகான கையெழுத்தில் எழுதினேன். தற்போது பணியில் உள்ளோருக்கு இது பொருந்தாது. முற்றுப்புள்ளி. தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அடிக்கோலின் நுனியால் நான்காவது கட்டத்தைத் தொட்டார். காலியாக இருந்தது.

பழக்கம்தான் அவருக்கு. கட்டம் காலியாக இருந்தால் அவரால் படிக்க முடியாது.

எழுதினேன். 'அஞ்சலாட்சி.'

எழுதிய பிறகு அந்தக் கட்டத்தை மேலிருந்து கீழே பார்த்தேன். டிரெடில் அச்சக அம்மா. ஆரோக்கியம். பைண்டிங் கடைக்காரர். ஆரோக்கியம். மறுபடி ஆரோக்கியம். எல்லோரும் ஒரு பிள்ளை என்ன கற்க வேண்டும் என்று கேட்டவர்கள். கடைசியில் ஒருத்தி, கற்காமல் இருக்க விடுங்கள் என்று கேட்கிறாள். தமிழரசி இந்தத் தாளைப் பார்த்தால் எழுத்தில் எங்கே தப்பு என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள்.

பேனாவைத் திருப்பிக் கொடுக்கும் முன் அந்த வரியை அடித்தேன். என் பெயரையும் அடித்தேன். இந்தக் கோடு நேராகப் போனது.

அடிபட்ட அந்த வரியின் அடியிலும் முதல்வர் அடிக்கோலை வைத்துப் படித்தார். பிறகு அடிக்கோலை எடுத்தார்.

"பொன்" என்றார்.

எந்த மொழியில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

புதிய பாடத்திட்டம் ஏற்கப்பட்டது. பண்டகசாலையில் மேசை போடுவதற்குள் நான் விலகல் கடிதம் எழுதிவிட்டேன். வீட்டில் அதைப் படித்துக் காட்டியபோது இந்த முறை எதையும் திருத்திப் படிக்கவில்லை. அப்பா கடிதத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"கவர்மெண்டை வுட்டுட்டு மெஷின்கிட்ட நிக்கப் போறியா? நான் நின்னது போதாதா?"

"ரெண்டு வருசம்தான்பா. அப்புறம் திரும்பவும் விண்ணப்பம் போடுவேன்."

"எடுத்துக்கலன்னா?"

அம்மா அடுப்படியிலிருந்து சொன்னாள்: "அவதான் எதையும் தலைகீழாப் படிக்கறவளாச்சே. போவட்டும் வுடுங்க, இதையாவது நேராப் படிச்சிருக்காளான்னு பாப்போம்." அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் காலை அவருடைய பழைய ஆலைச் சட்டையை அம்மா துவைத்துக் கொடுத்தாள், மை பட்டால் பரவாயில்லை என்று.

இப்போது நான் ஆரோக்கியத்தின் அச்சகத்தில் பிளேட் பகுதியில் உதவியாள். எட்டு மாதம் ஆகிறது. இந்த மாதத் தொடக்கத்திலிருந்து தமிழரசியும் வந்திருக்கிறாள். நான் பரிந்துரைக்கவில்லை. ஆரோக்கியம்தான் கூப்பிட்டு அனுப்பினார், "கழுவத் தெரியாத ஆளு ஒண்ணை வெச்சுக்கிட்டேன், இன்னொண்ணு இருந்தா இன்னா" என்று. என் கையில் இதுவரை ஏழு பிளேட்டுகள் பாழாகியிருக்கின்றன. பாழாக்கும் நாளில் ஆரோக்கியம் என்னை "டீச்சர்" என்று கூப்பிடுவார். ஒழுங்காகச் செய்த நாளில் "அஞ்சலை". நான் டீச்சராக இருக்கும் நாள்கள் குறைந்து வருகின்றன.

மாணவர் மலர் இந்த ஆண்டு முதன்முறையாக ஆஃப்செட்டில் வருகிறது. எங்கள் அச்சகத்தில்தான். என் கட்டுரை இரண்டாவது பாரத்தில், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் இரண்டாவது பக்கத் தொகுதியில் வர வேண்டும், அதனால்தான் இவ்வளவு அவசரமாக முடிக்கிறேன். முதல் பாரத்துக்கு நேற்றே பிளேட் போட்டாயிற்று. போட்டவள் நான்.

பலகையில் சாய்த்து வைத்து, ஓரத்திலிருந்து ஓரம் வரை படித்தேன். மாணவர் பெயர் வரிசை, முதல்வரின் வாழ்த்துரை, புதிய பாடத்திட்டத்தின் சுருக்கம். எல்லாம் நேராக இருந்தது. ஆரோக்கியம் இயந்திரத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மற்ற ஆறு பேரும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"நேராதான் இருக்கு" என்றேன். "ஏத்துங்கண்ணே."